22 டாலர் 22 சென்ட்

தேசியப் பூங்காக்களைப் பராமரிக்கும் அமெரிக்க உள்துறை, 1941 இலையுதிர்காலத்தில் ஒரு புகைப்படக்காரரை நாள்கூலிக்கு அமர்த்தியது. கூலி நாளொன்றுக்கு 22 டாலர் 22 சென்ட். அதிகபட்சம் 180 நாள். பூங்காக்களையும் பூர்வகுடிகளின் நிலங்களையும் அவர் படமெடுத்துத் தர வேண்டும். அவற்றைச் சுவரளவு பெரிதாக்கி வாஷிங்டன் அலுவலகத்தில் பதிப்பதாகத் திட்டம். ஏற்பாட்டில் ஒரு சலுகையும் இருந்தது. சொந்த ஃபிலிமில், சொந்தச் செலவில், அவர் தனக்கென்றும் படமெடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுப்பது அவருக்கே சொந்தம்.

நியூ மெக்சிகோவில் ஒரு மாலை. சாமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் பகலெல்லாம் அலைந்தும் உருப்படியாக ஒன்றும் அமையாமல், எட்டு வயது மகன் மைக்கேலோடும் நண்பர் செட்ரிக் ரைட்டோடும் காரில் சாண்டா ஃபே திரும்பிக்கொண்டிருந்தார் அவர். சாலையோரம் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். கிழக்கே பனிமலைகளுக்கு மேல் நிலா ஏறிவிட்டிருந்தது. மேற்கே இறங்கும் சூரியனின் கடைசி வெயில் பட்டுக் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் வெளேரென்று தெரிந்தன. பள்ளத்தில் இறங்கிவிடும் அவசரத்தில் வண்டியை ஓரங்கட்டினார். மகனையும் நண்பரையும் அதைக் கொண்டா, இதைக் கொண்டா என்று விரட்டி, 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை முக்காலியில் ஏற்றினார். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும் அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே மனக்கணக்குப் போட்டார்: எஃப்/32, ஒரு வினாடி, மஞ்சள் ஃபில்டர். எதற்கும் இன்னொன்று எடுத்துவைப்போம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பிச் செருகுவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. தேறியது ஒரே ஒரு நெகடிவ்.

ஆன்செல் ஆடம்ஸின் மிகப் பிரபலமான படம் அதுதான். 'நிலா உதயம், ஹெர்னாண்டஸ்' என்ற அந்தப் படத்துக்கு அவரே வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். 2006இல் அவற்றில் ஒன்று 6,09,600 டாலருக்கு ஏலம் போனது. சிக்கல் என்னவென்றால், பயணச் செலவுகளைக் கணக்குப் பிசகாமல் எழுதிவைத்தவர் படமெடுத்த தேதியை எழுதிவைக்கவில்லை. கூலி வாங்கிய நாளில் எடுத்திருந்தால் படம் அரசாங்கத்துடையது. விடுப்பு நாளில் எடுத்திருந்தால் அவருடையது. எந்த நாள் என்று அவருக்கே நினைவில்லை. ஆண்டையே ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு விதமாகக் குறித்துவந்தார்.

கடைசியில் நிலவைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருந்தது. புகைப்பட வரலாற்றாசிரியர் போமான்ட் நியூஹால் கேட்டுக்கொண்டதன்பேரில் டேவிட் எல்மோர் என்ற வானியலாளர் படத்திலிருக்கும் நிலவின் இடத்தைக் கணக்கிட்டு, 1941 அக்டோபர் 31 என்றார். 1991இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழின் டென்னிஸ் டி சிக்கோ கணக்கைத் திரும்பப் போட்டு, கேமரா நின்ற இடத்தையும் திருத்தி, நவம்பர் 1 மாலை 4 மணி 49 நிமிடம் என்று முடித்துவைத்தார். அந்த நாளுக்கு ஆடம்ஸ் கூலி கேட்டிருக்கவில்லை. படம் அவருடையதே. தீர்ப்பு வந்தபோது அவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சிறுவயதில் பொழுதுபோக்காகத் தொடங்கியது பின்னாளில் தொழிலாயிற்று என்று வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஒரே வாக்கியத்தில் கடந்துபோவார்கள். ஆடம்ஸ் விஷயத்தில் அந்தப் 'பின்னாள்' எது என்று காட்டுவது லேசான காரியமில்லை. காசு வாங்கிய முதல் நாளா? படத்துக்காக இன்னொரு பிழைப்பைக் கைவிட்ட நாளா? படங்களை மட்டும் விற்று நிம்மதியாகச் சாப்பிட முடிந்த நாளா? இந்த மூன்றுக்கும் நடுவே அவருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிப்போயிற்று.

1902இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த பிள்ளை. நாலு வயதில், 1906ஆம் ஆண்டின் பெரிய நிலநடுக்கத்துக்குப் பின்வந்த அதிர்வு ஒன்று அவனைத் தோட்டத்துச் சுவரில் தூக்கியடித்து மூக்கை உடைத்தது. அந்தக் கோணல் கடைசிவரை முகத்தில் இருந்தது. தாத்தாவின் மர வியாபாரம் நொடித்துப்போக, வசதியான குடும்பம் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பமாயிற்று. பள்ளிக்கூடத்தில் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்பா சார்லஸ் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே பாடம் நடத்தினார். 1915இல் ஊரில் நடந்த பனாமா-பசிபிக் உலகக் கண்காட்சிக்கு ஓராண்டு நுழைவுச்சீட்டு வாங்கிக்கொடுத்து, அங்கே தினமும் போய்வா, அதுதான் இந்த வருஷப் படிப்பு என்றார். பையனுக்கு வாய்த்த அதிர்ஷ்டங்களில் முதலாவது அந்த அப்பா என்று சொல்லத் தோன்றுகிறது.

பன்னிரண்டு வயதில் பையன் தானாகவே பியானோவில் உட்கார்ந்தான். பிறகு மேரி பட்லர் என்ற ஆசிரியையிடம் முறைப்படி சேர்ந்தான். எங்கேயும் உட்காராத பிள்ளை அங்கே உட்கார்ந்தது. தப்பில்லாமல் வரும்வரை ஒரே பயிற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்ன அந்த ஒழுங்கு பின்னாளில் இருட்டறையில் எப்படிக் கைகொடுத்தது என்பதை ஆடம்ஸே பலமுறை எழுதியிருக்கிறார். இருபதுகளின் கடைசிவரை, யார் கேட்டாலும் அவருடைய தொழில் பியானோதான். படமெடுப்பது கோடை விடுமுறைச் சமாசாரம்.

அந்தக் கோடை 1916இல் தொடங்கியது. உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது அத்தை ஒருவர், சியரா மலைகளைப் பற்றி ஜே. எம். ஹட்ச்சிங்ஸ் எழுதிய பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்தார். படித்தவன், இந்த வருஷம் யோசெமிட்டிதான் போக வேண்டும் என்று வீட்டாரை நச்சரித்து அழைத்துப் போனான். அங்கே அப்பா ஒரு கோடாக் பாக்ஸ் பிரவுனி வாங்கிக்கொடுத்தார். அட்டைப்பெட்டிதான், கூர்மையாக்கித் தரும் ஏற்பாடு எதுவும் அதில் கிடையாது. ஹாஃப் டோம் பாறையை எடுப்பதற்காக உளுத்துப்போன மரக்கட்டை ஒன்றின்மேல் ஏறினான். கட்டை பொடிந்து, தலைகுப்புற விழும்போது விரல் ஷட்டரை அழுத்திவிட்டது. படம் விழுந்தது, ஆனால் தலைகீழாக. கழுவிக்கொடுத்த கடைக்காரர், இந்த ஒரு படத்தை மட்டும் எப்படித் தலைகீழாக எடுத்தாய் என்று கேட்டாராம். அது முதல் சாகும்வரை யோசெமிட்டிக்குப் போகாத வருஷம் ஒன்றுகூட அவருக்கு இல்லை.

பிரவுனி கிடைத்த குழந்தைகள் அமெரிக்காவில் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொத்தானை அழுத்தியதோடு சரி. கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் கம்பெனியின் வேலை. இந்தப் பையன் அந்த மறுபாதியைத் தேடிப் போனான். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் டிட்மேன் என்பவர் ஃபிலிம் கழுவி பிரிண்ட் போட்டுத் தரும் கடை வைத்திருந்தார். 1917-18இல் அங்கே பகுதிநேர ஆளாகச் சேர்ந்துகொண்டான். அடுத்தவர் வீட்டுக் குழந்தைகளையும் கல்யாணங்களையும் கழுவிக் கழுவித்தான் அவனுக்கு ரசாயனம் பழகியது. காசு வாங்கிய நாளைத்தான் தொழிலின் தொடக்கம் என்று வைத்துக்கொண்டால் அது இங்கே, பதினைந்து பதினாறு வயதிலேயே வந்துவிட்டது.

1919இல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான சியரா கிளப்பில் சேர்ந்தார். 1920 முதல் நான்கு கோடைகள் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் அந்தக் கிளப்பின் லெகாண்டே விடுதிக்குக் காவலாளி. கோடை முழுக்க மலையில் இருப்பதென்றால் பியானோ சாதகம் என்னாவது? ஹாரி பெஸ்ட் என்ற ஓவியர் பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓவியங்களும் நினைவுப்பொருள்களும் விற்கும் கடை நடத்திவந்தார். அவரிடம் பழைய பியானோ ஒன்று இருந்தது. வாசிக்க இடம் கொடுத்தார். அவருக்கு வர்ஜினியா என்றொரு மகளும் இருந்தாள். 1928 ஜனவரியில் அந்தக் கடையிலேயே இருவருக்கும் கல்யாணம்.

அதற்கு முந்தைய ஏப்ரல் 10 அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வர்ஜினியாவும் நண்பர்கள் சிலரும் கூடவர, பனி கிடந்த சரிவுகளில் ஏறி, ஹாஃப் டோமின் செங்குத்தான முகத்துக்கு நேரெதிரே நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு வந்தார்கள். முதுகில் 6½க்கு 8½ அங்குல கொரோனா கேமரா, லென்ஸ்கள், ஃபில்டர்கள், முக்காலி, பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள். வழியிலேயே பத்தைக் காலி செய்துவிட்டார். மிச்சம் இரண்டு. பாறையின் முகத்தில் வெயில் விழுந்ததும் வழக்கமான மஞ்சள் ஃபில்டரைப் போட்டு ஒன்றை எடுத்தார். ஷட்டர் மூடியதுமே, பிரிண்ட் எப்படி வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாறை சரியாக இருக்கும். பின்னால் வானம் சாதுவான சாம்பல் நிறத்தில் கிடக்கும். எதிரே நின்றபோது அவருக்குள் எழுந்த அச்சம் அந்தச் சாம்பலில் இருக்காது. கடைசித் தகட்டுக்கு அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்புக் கண்ணாடி நீலத்தை உள்ளே விடாது. வெயில் பட்ட பாறைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. நீல வானம் மட்டும் ஏறக்குறையக் கருப்பாகிவிடும். ஐந்து வினாடி, எஃப்/22.

அந்தப் படத்துக்கு 'மோனோலித்' என்று பெயர். கேமராவை இயக்கும் முன்பே முடிந்த பிரிண்ட்டை மனக்கண்ணில் பார்த்துவிடுவது என்ற ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் புரிந்துகொண்டேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். பியானோ பயின்றவனுக்கு இது வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விரல் கட்டையில் விழும் முன்பே சுரம் காதில் கேட்காவிட்டால் அவன் வாசிப்பது வாசிப்பே அல்ல.

அப்போதும் அவர் 'தொழில்முறைப் புகைப்படக்காரர்' ஆகவில்லை. ஆக்கப் பார்த்தவர் ஆல்பர்ட் பெண்டர் என்ற காப்பீட்டு வியாபாரி. படங்களைப் பார்த்த மறுநாள் காலையே, ஒரு தொகுப்புப் போடுவோம் என்று முடிவெடுத்து, தன் பெயரில் பத்துப் பிரதிகளை எழுதிக்கொண்டு, மற்ற செல்வந்தர்களுக்குத் தொலைபேசியில் பேசி வசூலைத் தொடங்கிவிட்டார். 18 பிரிண்ட்கள் கொண்ட தொகுப்பு, விலை 50 டாலர். 1927இல் வந்த அதன் தலைப்பில் 'புகைப்படம்' என்ற சொல்லே கிடையாது. புகைப்படம் என்று அச்சிட்டால் கலை என்று யாரும் வாங்கமாட்டார்கள் என்று பதிப்பாளர் பயந்து, இல்லாத ஒரு பெயரை உருவாக்கிப் போட்டுவிட்டார். அதை நினைத்துப் பிற்காலத்தில் ஆடம்ஸ் கூச்சப்பட்டிருக்கிறார்.

1930இல், நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரில் புகைப்படக்காரர் பால் ஸ்டிராண்டைச் சந்தித்தார். காட்டுவதற்கு ஸ்டிராண்டிடம் பிரிண்ட் ஒன்றுகூட இல்லை. நெகடிவ்களைத்தான் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நெகடிவைப் பார்த்தே பிரிண்ட்டை ஊகிக்கப் பழகியிருந்த ஆடம்ஸுக்கு அது போதுமானதாக இருந்தது. பியானோவை விட்டுவிட்டுப் புகைப்படம்தான் இனி என்ற முடிவோடு ஊர் திரும்பினார். வீட்டில் அம்மாவும் அத்தையும் பதறிப்போனார்கள். பியானோவை விட்டுவிடாதே, கேமராவால் மனித ஆன்மாவைச் சொல்ல முடியாது என்று கெஞ்சினார்கள். ஒருவேளை கேமராவால் முடியாமலிருக்கலாம், புகைப்படக்காரனால் முடியலாம் என்று அவர் பதில் சொன்னதாகக் கதை. ஐந்தாண்டுக்கு முன்புதான் வீட்டுக்கு மேசன் அண்ட் ஹாம்லின் கிராண்ட் பியானோ வந்திருந்தது. பெண்களின் கவலையிலும் நியாயம் உண்டு.

தொழில் என்று வந்தபின் சாப்பாட்டுக்கு வழி? 1932 நவம்பரில் எட்வர்ட் வெஸ்டன், இமோஜென் கன்னிங்ஹாம், வில்லர்ட் வான் டைக் முதலியவர்களோடு சேர்ந்து 'எஃப்/64' என்ற குழுவாக டி யங் அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தார். பெரிய கேமராக்களின் லென்ஸை மிகச் சிறியதாகச் சுருக்கும் துவாரத்தின் எண் அது. காலடிப் புல்லிலிருந்து தொலைதூர மலைவரை எல்லாம் கூர்மையாக விழும். ஓவியம்போலத் தெரிய வேண்டுமென்று படத்தை மங்கலாக்கிக்கொண்டிருந்த அன்றைய மோஸ்தருக்கு எதிரான கலகம். கலகம் புகைப்பட வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது. பிரிண்ட்டின் விலை என்னவோ பத்து டாலர். வெஸ்டனுடையது மட்டும் பதினைந்து.

ஆகவே விளம்பர வேலை. யோசெமிட்டியில் ஓட்டல்கள் நடத்திய கம்பெனிக்காகப் பனிச்சறுக்கு ஆடுபவர்களை எடுத்தார். 'ஃபார்ச்சூன்' இதழுக்கு எடுத்தார். கோடாக், ஐபிஎம், ஏடிஅண்ட்டி எல்லாம் வாடிக்கையாளர்கள். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கோடாக் மாட்டிவைத்த 60 அடி நீள வண்ணப்படங்களில் சில அவர் எடுத்தவை. வண்ணத்தின்மேல் அவருக்குப் பெரிய பற்று இல்லை என்பது ஊரறிந்தது. மாமனார் 1936இல் இறந்தபின் பெஸ்ட் கடை வர்ஜினியாவுக்கு வந்தது. குடும்பத்தின் நிலையான வருமானங்களில் அது ஒன்று. மகா கலைஞரின் வரலாற்றில் பட அட்டையும் ஃபிலிம் சுருளும் விற்ற மனைவியின் கல்லாப்பெட்டிக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

வேலைகளை அவர் இரண்டாகப் பிரித்தார்: வெளியிலிருந்து வருபவை, உள்ளிருந்து வருபவை. பிரித்தாரே தவிர, இரண்டும் தனித்தனியே நின்றதில்லை. சியரா கிளப்புக்காகக் காசில்லாமல் செய்த மலைப் படங்கள் 1938இல் 'சியரா நெவாடா: ஜான் மியூர் பாதை' என்ற ஆடம்பரப் புத்தகமாயின. உள்துறைச் செயலர் ஹரால்ட் இக்கிஸ் அதை ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் காட்ட, அவர் அதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1940இல் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்கா பிறந்ததில் அந்தப் படங்களுக்குப் பங்குண்டு. அந்த இக்கிஸின் துறைதான் மறு ஆண்டு 22 டாலர் கூலி வேலையைக் கொடுத்தது.

கூலிக்காகச் செய்த இன்னொரு காரியம் ஆசிரியர் வேலை. 1939-40 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் ஆர்ட் சென்டர் பள்ளியில், சக ஆசிரியர் ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து 'ஜோன் சிஸ்டம்' என்ற முறையை வகுத்தார். முழுக்கருப்புக்குச் சுழி, தூய வெள்ளைக்குப் பத்து, நடுச்சாம்பல் ஐந்து. ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிப்பு. லைட் மீட்டருக்கு விவேகம் கிடையாது. பனியைக் காட்டினாலும் கரியைக் காட்டினாலும் இரண்டையும் அதே நடுச்சாம்பலாக்கத்தான் அளவு சொல்லும். பனி எந்தப் படியில் உட்கார வேண்டும், கரி எந்தப் படியில் என்று முடிவெடுக்க வேண்டியவர் படமெடுப்பவர். நிழலைப் பார்த்து எக்ஸ்போஷர் கொடு, வெளிச்சத்தைப் பார்த்து டெவலப் செய் என்பது அதன் சாரம். பதினொரு படிகளில் ஏறி இறங்கும் இந்த வரிசை, பியானோவில் மணிக்கணக்காக ஸ்கேல் வாசித்த ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க முடியும். ஹெர்னாண்டஸில் மீட்டர் இல்லாமல் நிலவை ஏழாம் படியில் வைத்ததும் இதே கணக்குதான். தொழில் ரகசியம் என்று எதையும் பூட்டிவைக்கவில்லை. கேமரா, நெகடிவ், பிரிண்ட் என்று புத்தகம் புத்தகமாக எழுதி, 1955 முதல் யோசெமிட்டியில் ஆண்டுதோறும் பட்டறை நடத்தி, வார இறுதியில் கேமரா தூக்கும் கூட்டத்துக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். அந்தக் கூட்டத்தில் சிலர் படிக்கணக்கிலேயே தங்கிப்போய், படத்தை மறந்தார்கள் என்பது வேறு விஷயம்.

நெகடிவ் எழுதிவைத்த இசைக்குறிப்பு, பிரிண்ட் அதன் நிகழ்த்தல் என்பது அவர் அடிக்கடி சொன்னது. ஒரே கீர்த்தனையை ஒரே வித்வான் முப்பதில் பாடுவதும் எழுபதில் பாடுவதும் ஒன்றா என்ன? நிலா உதயத்தின் 1940களின் பிரிண்ட்களில் வானத்தில் மேகக்கீற்றுகள் மெல்லத் தெரியும். 1948இல் நெகடிவின் கீழ்ப்பாதியை ரசாயனத்தில் நனைத்து அழுத்தம் கூட்டினார். பிரிண்ட் போடும்போது வானத்துக்கு மட்டும் கூடுதல் ஒளி விழும்படி அட்டையால் மற்ற பகுதிகளை மறைத்து மறைத்துக் காட்டுவார். வயது ஏற ஏற வானம் இருண்டுகொண்டே போய், 1970களில் அநேகமாக மொத்தமும் கருப்பு. இளையவரின் பிரிண்ட்டைத்தான் பிடிக்கும் என்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கும் உடன்பாடுதான். கிழவரின் வானம் கொஞ்சம் அதிகமாகவே முழங்குகிறது.

உலகம் சிதறிக்கொண்டிருக்கிறது, இவர்கள் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆடம்ஸையும் வெஸ்டனையும் பற்றிப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்டியே-பிரெஸ்ஸோன் சொன்னதாக மேற்கோள் காட்டுவார்கள். முழுக்க நியாயமான குற்றச்சாட்டு என்று சொல்ல முடியாது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அரசாங்கம் முள்வேலிக்குள் அடைத்தது. மான்சனார் முகாமில் மட்டும் பத்தாயிரம் பேர். 1943-44இல் ஆடம்ஸ் அங்கே போய்ப் படமெடுத்து, சுதந்திரர்களாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று பொருள்படும் தலைப்பில் 1944இல் புத்தகம் போட்டார். போர் நடக்கும்போதே அதைச் செய்ய நெஞ்சுரம் வேண்டும். படங்களைப் பார்த்தாலோ வேறு ஏதோ இடறுகிறது. நேருக்கு நேர் நின்று புன்னகைக்கும் முகங்கள், நல்ல வெளிச்சம், பின்னணியில் பளிச்சென்று சியரா. முள்வேலியையும் காவல் கோபுரங்களையும் எடுக்க அனுமதியில்லை. மலையை எடுக்கத் தடையில்லை. அதே முகாமில் டோயோ மியாடாகே என்றொருவர் கைதியாக இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். லென்ஸ் ஒன்றை ஒளித்து உள்ளே கொண்டுவந்து, மரப்பெட்டியில் கேமரா செய்து, திருட்டுத்தனமாகப் படமெடுத்தார். முள்கம்பியை ஒட்டி நிற்கும் மூன்று சிறுவர்களின் படம் அவருடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஆடம்ஸின் தேர்ச்சியே அவருக்குக் குறுக்கே வந்தது தெரியும். புகைப்படக்காரத் தோழி டோரதியா லேஞ்சுக்கும் அந்தப் படங்களில் திருப்தியில்லை.

யோசெமிட்டிப் படங்களிலோ மனிதரே கிடையாது. ஆதியிலிருந்தே ஆளில்லாத பூமி என்று நினைத்துக்கொள்வோம். 1851இல் படை வந்து துரத்தும்வரை அங்கே ஆவானீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். திரும்பிவந்தவர்களின் கடைசிக் குடியிருப்பைப் பூங்கா நிர்வாகம் 1969இல்தான் ஒழித்துக்கட்டியது. ஆடம்ஸ் அந்தப் பள்ளத்தாக்கில் வேலை செய்த ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் அவர்கள் அங்கே இருந்தார்கள்.

படங்களை விற்றே பிழைக்கலாம் என்ற நிலை எழுபது வயதுக்குப் பிறகுதான் வந்தது. அதே 1969இல் ஹில்ஸ் பிரதர்ஸ் கம்பெனி அவருடைய பனிக்கால யோசெமிட்டியைக் காப்பித்தூள் டப்பாவில் அச்சிட்டு விற்றது. கலை ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். டப்பா இப்போது சேகரிப்பாளர்களின் பொருள். சில ஆண்டுகளில் காற்று திரும்பியது. 1975 முடிவோடு தனி ஆர்டர்களை நிறுத்திக்கொள்வதாக அவர் அறிவித்ததும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்களுக்கு ஆர்டர் குவிந்தது. போட்டு முடிக்க மூன்றாண்டு ஆயிற்று. எத்தனையோ பேர் கைக்குப் போன நிலா உதயம் அப்போது மறுபடியும் மறுபடியும் இருட்டறைக்கு வந்தது. 1979இல் 'டைம்' இதழின் அட்டையில் அவர் முகம். அதே ஆண்டு ஜிம்மி கார்ட்டரின் அதிகாரபூர்வ உருவப்படத்தை, 20க்கு 24 அங்குல போலராய்டு கேமராவில் எடுத்தார். ஜனாதிபதியின் அதிகாரபூர்வப் படத்தை ஓவியரிடம் கொடுக்காமல் புகைப்படக்காரரிடம் கொடுத்தது அதுவே முதல் தடவை.

1977இல் வாயேஜர் விண்கலங்களில் ஏற்றி அனுப்பிய தங்கத் தட்டில் பூமியின் அடையாளங்களாகப் படங்கள் சில பதிவாயின. அவற்றில் ஆடம்ஸ் எடுத்த, டீட்டன் மலைகளின் கீழே வளைந்தோடும் பாம்பு ஆற்றின் படமும் உண்டு. அது 1942இல் உள்துறைக் கூலியில் எடுத்தது, அரசாங்கச் சொத்து. தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அவர் விடுப்பு நாளில் எடுத்தது ஏல மண்டபத்திலும், கூலி நாளில் எடுத்தது விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியிலுமாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. போர் குறுக்கிட்டதால் வாஷிங்டன் சுவர்களில் எதையும் பதிக்கவில்லை.

எட்வர்ட் வெஸ்டனின் மகன் பிரெட், தன் நெகடிவில் வேறு எவனும் கைவைக்கக் கூடாதென்று எண்பதாம் பிறந்தநாளில் அவற்றைத் தீயில் போட்டார். ஆடம்ஸ் அந்தக் கட்சி இல்லை. 1975இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் படைப்புப் புகைப்பட மையம் அமையக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். தன் நெகடிவ்களையும் கடிதங்களையும் அங்கேயே சேர்த்தார். இசைக்குறிப்பு என்று சொன்னவர் அதைப் பிறர் வாசிக்கக் கூடாதென்று எப்படிச் சொல்வார்? 1981இலேயே மின்னணுப் படங்கள் வரப்போவதை ஆவலோடு எதிர்பார்ப்பதாக எழுதிவைத்தார். 1984 ஏப்ரலில் இறந்தார்.

பெஸ்ட் கடை இன்றும் யோசெமிட்டியில் இருக்கிறது, ஆன்செல் ஆடம்ஸ் கேலரி என்ற பெயரில், குடும்பத்தின் கையில். பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கக்கூடிய விலையில் அசல் நெகடிவிலிருந்து கையால் போட்ட பிரிண்ட் கிடைக்க வேண்டும் என்று 1958இல் அவர் ஒரு வரிசையைத் தொடங்கினார். அதற்கென்று தேர்ந்தெடுத்த நெகடிவ்களிலிருந்து 1975 முதல் அவருடைய முன்னாள் உதவியாளர் ஆலன் ராஸ் பிரிண்ட் போட்டுவருகிறார். வானத்துக்கு எத்தனை வினாடி கூட்ட வேண்டும், பாறைக்கு எத்தனை வினாடி குறைக்க வேண்டும் என்பதெல்லாம் ஆடம்ஸ் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவை. ராஸும் தனக்கென்று சொந்தமாகப் படமெடுக்கிறவர்தான்.